ஒன்பதரைக் கிலோவும் மேற்குக் காற்றும்

ஒரு மாதம் முழுக்க என் தோழியின் சைக்கிளுக்குப் பின்னால் ஓட்டியிருக்கிறேன். அதனால் அந்தச் சைக்கிளை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணுக்குத் தெரிவது அதன் பின்சக்கரம்தான். கம்பிகள் வெளியே தெரியாதபடி இரண்டு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் தகடு வைத்து மூடியிருந்தார்கள். வேகம் கூடும்போது அதிலிருந்து ஒரு சத்தம் வரும். காலி அண்டாவுக்குள் வாயை வைத்து யாரோ ‘ம்’ என்று சொல்வதுபோல இருக்கும். அந்தச் சத்தத்தைப் பின்னாலிருந்துதான் கேட்டிருக்கிறேன். மேலே உட்கார்ந்து கேட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் அதில் ஒருமுறைகூட ஏறியதில்லை.

ஏறியிருக்கலாம். இரண்டு சைக்கிளில் எது வேண்டும் என்று முதலில் என்னைத்தான் கேட்டார்கள்.

நான் பிளஸ் டூ படித்த வருடம் அது. அரியலூரும் பெரம்பலூரும் அப்போது ஒரே மாவட்டம். எங்கள் வீடு எறையூர்ப் பக்கம். அப்பா கரும்பு லாரியில் லோடு ஏற்றுகிறவர். ஆலை அரவை இல்லாத மாதங்களில் ஆட்டு வியாபாரம். அம்மா கரும்பு வெட்டப் போவாள். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்தது என்னைச் சேர்த்துவிட வந்த அன்றுதான். எங்கள் வகையறாவில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. யாரிடமும் எதையும் கேட்டு நிற்கக்கூடாது என்ற வீம்பும் அதோடு சேர்ந்தே வளர்ந்தது. பென்சில் சீவுகிற பிளேடுகூடப் பக்கத்துப் பெண்ணிடம் கேட்கமாட்டேன். பல்லால் கடித்துச் சீவுவேன்.

பிளஸ் ஒன்னில் அரசாங்கம் சைக்கிள் கொடுத்தது. முன்னால் கூடை வைத்த லேடீஸ் சைக்கிள். அதில்தான் தினமும் பெரம்பலூர் வரை போய்வந்தேன். ஆனி, ஆடி மாதங்களில் காலை நேரத்திலேயே மேற்கிலிருந்து காற்று கிளம்பிவிடும். எங்கள் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு அது நேர் எதிர்க்காற்று. பெடலை மிதிக்க மிதிக்கச் சைக்கிள் நின்ற இடத்திலேயே நிற்பதுபோல இருக்கும். ஒருநாள் சலித்துப்போய்த் தலையைக் கவிழ்த்து, மூக்கு கூடையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து ஓட்டினேன். சைக்கிள் சட்டென்று இலகுவாகிவிட்டது. காற்றுக்குக் கீழே ஒரு வழி இருந்திருக்கிறது, இத்தனை நாள் யாரும் சொல்லவில்லையே என்று தோன்றியது. அன்றைக்குப் பள்ளிக்கு இருபது நிமிடம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தேன்.

இதை நான் சொன்ன ஒரே ஆள் என் தோழிதான். பெரம்பலூர் டவுனில் அவள் வீடு. அவள் அப்பா டெய்லர். அவளுக்கும் அதே அரசாங்கச் சைக்கிள், அதே சிவப்புக் கலர். இரண்டு பேரும் அறிவியல் பிரிவு, ஒரே பெஞ்சு. அவளுக்கு எதையும் சும்மா நம்பப் பிடிக்காது. “செஞ்சு பாப்போம் வாடி” என்றாள்.

ஊருக்கு வெளியே ஏரிக்கரையிலிருந்து ரோட்டுக்கு இறங்கும் ஒரு சரிவு உண்டு. மேலேயிருந்து பெடல் மிதிக்காமல் சைக்கிளைச் சும்மா விடுவது, எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு கல்லை வைப்பது. இதுதான் எங்கள் பரிசோதனை. முதலில் நிமிர்ந்து உட்கார்ந்து இறங்கினேன். பிறகு குனிந்துகொண்டு இறங்கினேன். குனிந்தபோது சைக்கிள் முதல் கல்லைத் தாண்டி, இரண்டு புளியமரத்தையும் தாண்டிப் போய் நின்றது. பிறகு கேரியரில் இரண்டு பேருடைய புத்தகப் பையையும் வைத்துக் கட்டினோம். எடை கூடினால் சீக்கிரம் நின்றுவிடும் என்று நான் நினைத்தேன். நிற்கவில்லை. கொஞ்சம் கூடுதலாகவே போயிற்று. நான் நம்பாமல் மூன்று முறை செய்தேன்.

“அப்போ என்னைக் கேரியர்ல ஒக்கார வச்சுக்க. மெட்ராஸ் வரைக்கும் மிதிக்காமலே போயிரலாம்” என்றாள் அவள்.

இயற்பியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதை எழுதி வைத்தேன். சமதரையில் வேகமாகப் போகும்போது சைக்கிளைப் பிடித்து நிறுத்துவது காற்று. எடை மேட்டில் ஏறும்போதுதான் பெரிதாகப் பேசும். வேகம் கூடக் கூடக் காற்று இன்னும் பலமாகப் பிடிக்கும். புத்தகத்தில் இருந்ததை நாங்களே கண்டுபிடித்த மாதிரி எழுதினேன். என் பெயரையும் அவள் பெயரையும் கீழே போட்டு, இரண்டு பேரும் கையெழுத்தும் போட்டோம்.

அந்த ஆடியில் மாவட்ட அளவில் மாணவிகளுக்குச் சைக்கிள் போட்டி நடந்தது. சாதாரண சைக்கிள்கள்தான். நான் முதலாவது, அவள் இரண்டாவது. மாநிலப் போட்டிக்கு மாவட்டத்திலிருந்து ஒரே ஒரு பெண்ணை அனுப்பலாம் என்றும், அங்கே ரேஸ் சைக்கிளில்தான் ஓட்டவேண்டும் என்றும் விளையாட்டு டீச்சர் சொன்னார். அங்கே நல்ல இடம் பிடித்தால் சென்னையில் விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்கும், அங்கிருந்தே காலேஜ் படிக்கலாம். ஆகவே எங்கள் இரண்டு பேருக்கும் ரேஸ் சைக்கிள் வாங்கிக் கொடுத்து, ஒரு மாதம் பழகவிட்டு, மறுபடி ஓட்டி யார் முந்துகிறார்களோ அவர்களை அனுப்புவது என்று முடிவானது.

அந்த டீச்சருக்குக் கோ-கோ ஆட்டம்தான் தெரியும். சைக்கிளைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுகூட அவருக்குத் தெரியாது. ஆனால் விடாமல் அலைந்து, அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலைக் குடியிருப்பின் கிளப்பில் இரண்டு ரேஸ் சைக்கிள்கள் சும்மா கிடப்பதைக் கண்டுபிடித்தார். அங்கே வேலை பார்த்த இன்ஜினியர் ஒருவருடையவை. அவர் இளவயதில் ரேஸ் ஓட்டியவர். முழங்காலில் அடிபட்டபிறகு விட்டுவிட்டார். கிளப்பின் விதிப்படி பெற்றோர் வந்து கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போகலாம் என்றார்கள்.

ரேஸ் சைக்கிளை நான் அதுவரை பேப்பரில்தான் பார்த்திருந்தேன். வெளிநாட்டில் மலைப்பாதையில் ஓட்டுகிறவர்களின் படம் ஒன்றை வெட்டி, டிரங்குப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வைத்திருந்தேன். துணி எடுக்கும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன். டயர் ஒரு விரல் தடிமன்தான் இருக்கும். அதன்மேல் எப்படி ஒரு ஆள் நிற்கிறான் என்று இருக்கும். கிளப்புக்குப் போகவேண்டிய நாளுக்கு முந்தின வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

அன்று அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பஸ் மாறிப் போனோம். தோழியும் அவள் அப்பாவும் எங்களுக்கு முன்பே வந்து நின்றார்கள். கிளப்பின் ஸ்டோர் ரூமில் ஒரு கிளார்க் இருந்தார். நோட்டை நீட்டி, சைக்கிள் வாங்கிக்கொள்கிறவர்கள் கையெழுத்துப் போடவேண்டும் என்றார். தோழியின் அப்பா போட்டார். எங்கள் அப்பா பேனாவை வாங்காமல், கட்டைவிரலைக் காட்டி மை இருக்கிறதா என்று கேட்டார். கிளார்க் மேஜை டிராயர் மூன்றையும் திறந்து தேடினார். பிறகு உள்ளே யாரையோ கூப்பிட்டு, “இங்க ஒரு கைநாட்டு கேஸ் வந்திருக்கு, ஸ்டாம்பு பேட் எங்கப்பா?” என்றார். குரலைத் தாழ்த்தவில்லை. மை வந்ததும் அப்பாவின் விரலைப் பிடித்து, அவர் ஏதோ தப்பாக வைத்துவிடுவார் என்பதுபோல, அவரே அழுத்தி எடுத்தார்.

எனக்குக் காது இரண்டும் எரிந்தன. பன்னிரண்டு வருடம் நான் படித்தது அந்த ஒரு நிமிடத்தில் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அப்பா விரலை வேட்டியில் துடைக்காமல், சுவரிலும் தேய்க்காமல், மற்ற விரல்களிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இன்ஜினியர் சார் வந்து ஸ்டோரைத் திறந்து சைக்கிள்களை வெளியே எடுத்து வைத்தார். நல்ல மனிதர். எங்களை ‘வாங்க போங்க’ என்றுதான் பேசினார். ஒரு சைக்கிள் வெள்ளி நிறத்தில், மெலிந்த குழாய்களோடு, ஒன்றுமே இல்லாததுபோல நின்றது. முழுக்க அலுமினியம். அதன் ஹேண்டில்பார் கொஞ்சம் உயரம். இன்னொன்று கறுப்பு. இரும்பு. குழாய்கள் உருண்டையாக இல்லாமல், கத்தியைப் போலத் தட்டையாகக் காற்றைப் பார்த்து நின்றன. ஹேண்டில்பார் மிகவும் தாழ்வு. அதிலிருந்து கைகளைப்போல இரண்டு கம்பிகள் முன்னால் நீண்டிருந்தன. முழங்கையை அதில் ஊன்றி, முதுகு பலகைபோல் படிய ஓட்டவேண்டும். பின்சக்கரம்தான் நான் சொன்ன தகடு போட்டு மூடிய சக்கரம்.

பார்த்ததும் எனக்கு அது எதற்காகச் செய்யப்பட்டது என்று புரிந்துவிட்டது. நான் கூடையில் மூக்கை இடித்துக்கொண்டு செய்ததை, அந்தச் சைக்கிள் பிறவியிலேயே செய்துகொண்டிருந்தது. என் கை தானாக அதன் சீட்டைத் தொட்டது. பக்கத்தில் என் தோழியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இது வெயிட் கம்மி. மேடு ஏறச் சுகமா இருக்கும். அது வெயிட்டு. ஆனா காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போகும்” என்றார் சார். “மேடா இருந்தா எடையைப் பாக்கணும், சமதரையா இருந்தா காத்தைப் பாக்கணும். நீங்க ஓட்டப்போற ரோடு உங்களுக்குத்தான் தெரியும். போட்டியில முதல்ல வந்த பாப்பா முதல்ல எடுத்துக்கட்டும்.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா அப்போது முன்னால் வந்தார். சந்தையில் ஆடு வாங்கும்போது செய்வதை அப்படியே செய்தார். ஆட்டின் வயிற்றுக்குக் கீழே ஒரு கையைக் கொடுத்து, முதுகில் இன்னொரு கையை வைத்து, தரையிலிருந்து ஒரு சாண் தூக்கிப் பிடித்துக் கண்ணை மூடுவார். பிறகு எடையைச் சொல்வார். எறையூர்ப் பக்கம் அவர் சொன்னால் தராசு தேவையில்லை. அன்று வெள்ளிச் சைக்கிளின் வயிற்றுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கினார். இறக்கி வைத்தார். கறுப்பைத் தூக்கினார். அவர் கட்டைவிரலின் மை அதன் கறுப்பில் தெரியவில்லை.

கிளார்க் சிரித்துவிட்டார். “என்ன பெரியவரே, பல்லைப் பிடிச்சும் பாத்துருங்க” என்றார்.

“ஆடோ சைக்கிளோ, எடை எடைதானுங்க” என்றார் அப்பா. “இது ஒம்பதரை. அது பதிமூணு. நூறு எரநூறு முன்னபின்ன இருக்கும்.”

கிளார்க் விடவில்லை. ஸ்டோரில் மூட்டை நிறுக்கிற தராசு இருந்தது. பார்த்துவிடலாம் என்று அவரே சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போனார். நாங்கள் எல்லாரும் பின்னால் போனோம். வெள்ளிச் சைக்கிள் ஒன்பது கிலோ அறுநூறு. கறுப்பு, பதிமூன்று கிலோ நூறு. இன்ஜினியர் சார் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தோழியின் அப்பா வாய்விட்டுச் சிரித்தார். கிளார்க் தராசின் முள்ளைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அப்பாவின் முதுகு நிமிர்ந்திருந்தது. கைநாட்டு வைத்த பிறகு தரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், இப்போது எல்லாருடைய முகத்தையும் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்து, “வெள்ளிய எடுத்துக்க பாப்பா. மூணரைக் கிலோ. சும்மா சொமக்காத” என்றார்.

எங்களுக்கு எடை தெரியும். தலைச்சுமையாகவும் இடுப்பிலும் தோளிலும் தூக்கித் தூக்கி எங்கள் வீட்டில் எல்லாரும் தெரிந்துகொண்டது அதுதான். அரைக் கிலோ குறைந்தால் கழுத்து எவ்வளவு சந்தோஷப்படும் என்று அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும். காற்றுக்கும் ஒரு சுமை உண்டு என்பதை யார் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள்? எனக்குச் சொல்லியிருந்தார்கள். என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. ஏரிக்கரைச் சரிவில் நான் வைத்த கற்கள் இருந்தன.

“இல்லப்பா, கறுப்புதான்” என்று சொல்லவேண்டியிருந்தது. சொன்னால் கிளார்க் என்ன முகம் காட்டுவார் என்று தெரிந்தது. அப்பா ஒன்றும் சொல்லமாட்டார் என்பதும் தெரிந்தது. “படிச்ச புள்ள, அது சொன்னாச் சரியாத்தான் இருக்கும்” என்பார். மறுபடி தரையைப் பார்ப்பார்.

நான் வெள்ளிச் சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்தேன்.

அடுத்த ஒரு மாதம் தினமும் சாயங்காலம் பெரம்பலூரிலிருந்து பேரளி வரை போய்த் திரும்பினோம். வெள்ளிச் சைக்கிளைக் குறை சொல்ல முடியாது. இரண்டு விரலால் தூக்கலாம். ஓடைப் பாலத்தின் மேட்டில் ஏறும்போது அது தானாகவே தாவும். அந்த இடத்தில் நான் அவளைத் தாண்டிவிடுவேன். ஆனால் பாலம் இறங்கியதும் அவள் முழங்கையை ஊன்றிப் படிந்து என்னைத் தாண்டிப் போவாள். அதன்பிறகு நான் அவளுக்குப் பின்னாலேயே போவேன். அங்கே எனக்கு ஒரு சுகம் இருந்தது. அவளுடைய பின்சக்கரத்தை ஒட்டி ஓட்டினால் காற்றே இருக்காது. அவள் முதுகு கிழித்த வழியில் நான் போய்க்கொண்டிருப்பேன். சோளக்காட்டில் பயிர் ஒரு பக்கமாகப் படுத்து எழும். எதிரே வரும் சுண்ணாம்புக்கல் லாரிகள் எங்கள் மேல் வெள்ளைத் தூசியை வாரிக் கொட்டும். அவள் சக்கரம் ‘ம்’ என்று பாடும். நான் அதைக் கேட்டபடி, அதற்கு மேலே நான் படுத்துக்கிடப்பதாக நினைத்துக்கொண்டே ஓட்டுவேன். பிறர் சாப்பிடுவதைப் பார்க்காதே என்று அம்மா சின்ன வயதில் அடித்து வளர்த்திருக்கிறாள். அந்த ஒரு மாதமும் நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

ஒருநாள் பேரளியில் தண்ணீர் குடிக்க நின்றபோது, அவள் கறுப்புச் சைக்கிளை என் பக்கம் சாய்த்துப் பிடித்தாள்.

“இன்னிக்கித் திரும்பிப் போறப்ப மாத்தி ஓட்டுவமாடி? ஒரு தடவ பாரேன்.”

வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். சீட் உயரம் எனக்குச் சரிவராது என்று பொய் சொன்னேன். ஒருமுறை ஏறிவிட்டால் நான் இறங்கமாட்டேன் என்பதுதான் உண்மை. இறங்காமல் இருக்க வேண்டுமென்றால் அவளிடம் கேட்கவேண்டும். கேட்டால் கொடுத்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். அதனாலேயே கேட்கமுடியவில்லை.

தேர்வு நாள் வந்தது. அரியலூர் எல்லையில் ஆரம்பித்து மேற்கே இருபது கிலோமீட்டர். ஒருவர் பின் ஒருவராக இரண்டு நிமிட இடைவெளியில் விடுவார்கள். யாருடைய நேரம் குறைவோ அவர் ஜெயித்தவர். அவள் முதலில், நான் அடுத்து. ஆடிக்காற்று இன்னும் ஓயவில்லை. ஆரம்ப இடத்தில் கட்டியிருந்த துணித்தோரணம் கிழக்கே பார்த்துப் பறந்துகொண்டிருந்தது.

அவள் அப்பா தைத்த சட்டை அவள் உடம்போடு ஒட்டியிருந்தது. எனக்கு அம்மா ஊரில் தைக்கக் கொடுத்து வாங்கி வந்த சட்டை. நாலு பேர் பார்க்கிற இடம், தொளதொள என்று இருக்கட்டும் என்று அளவு கூட்டிச் சொல்லியிருந்தாள். அது இப்போதே காற்றில் சாக்குப்பைபோல உப்பியது. தோழி அதைப் பார்த்தாள். தன் பையிலிருந்து ஊக்குகளை எடுத்து, என்னைத் திருப்பி நிறுத்தி, முதுகில் துணியை மடித்து மடித்துக் குத்தினாள். ஆறு ஊக்கு. ஒவ்வொன்றையும் குத்தும்போது என் தோலில் படாமல் இருக்கத் தன் விரலை உள்ளே கொடுத்துக்கொண்டாள்.

“இப்பக்கூட மாத்திக்கலாம்டி” என்றாள் மெதுவாக, பின்னாலிருந்து.

பத்தடி தள்ளி அப்பா நின்றார். டீச்சரிடம், சைக்கிள் எடையை அவர் கையால் சொன்ன கதையை யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் ஆச்சரியமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நீ போடி. உன் பேரைக் கூப்பிடுறாங்க” என்றேன்.

இரண்டு நிமிடம் கழித்து நான் கிளம்பினேன். அன்று எனக்கு முன்னால் யாரும் இல்லை. ஒரு மாதமாக நான் அவளோடு சமமாக ஓட்டிக்கொண்டிருந்தேன் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள், நானும்கூடப் பாதி நம்பியிருந்தேன். அவள் முதுகுக்குப் பின்னால் ஓட்டியதால்தான் அது என்பது முதல் கிலோமீட்டரிலேயே தெரிந்துவிட்டது. காற்று நெஞ்சில் கையை வைத்துத் தள்ளியது. முடிந்த மட்டும் குனிந்தேன். அந்த ஹேண்டில்பார் அதற்கு மேல் என்னைக் குனியவிடவில்லை. தூரத்தில் ஒரு மேட்டில் அவள் சின்னதாகத் தெரிந்தாள். அந்த மேட்டை நான் பறந்து ஏறினேன். ஏறும்போது அவளை நெருங்கியதுபோல் இருந்தது. சமதரை வந்ததும் அவள் மறுபடி சிறுத்துக்கொண்டே போனாள். தொடை இரண்டும் எரிந்தன. எனக்கு அழுகை வந்தது வலியால் இல்லை. அவள் அந்த நேரத்தில் அதன் மேல் எப்படி இருப்பாள், அவளுக்குக் கீழே அந்தச் சக்கரம் எப்படிப் பாடிக்கொண்டிருக்கும் என்று நினைத்ததால்தான்.

நாற்பது விநாடி வித்தியாசத்தில் தோற்றேன்.

அவள் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் முதுகைக் காட்டி, ஊக்கைக் கழற்றிவிடு என்றேன். அவள் ஆறையும் எண்ணிக் கழற்றினாள். அதற்குள் நான் முகத்தைச் சரிசெய்துகொண்டேன்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி திரும்பும்போது கேட்டார்:

“எடை நான் சரியாத்தானே பாப்பா சொன்னேன்?”

“கிராம் சுத்தமாச் சொன்னீங்கப்பா” என்றேன்.

அவர் தலையாட்டினார். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்கமாட்டேன்.

அவள் மாநிலப் போட்டியில் மூன்றாவதாக வந்தாள். பிளஸ் டூ முடிந்ததும் சென்னை விடுதிக்குப் போய்விட்டாள். கறுப்புச் சைக்கிளை அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று இன்ஜினியர் சார் சொல்லிவிட்டார். வெள்ளியை நான் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, கிளப்பில் திருப்பிக் கொடுத்தேன். மார்க் நன்றாக இருந்ததால் எனக்குத் திருச்சியில் இயற்பியல் கிடைத்தது. இந்த வருடம் டிகிரி முடித்துவிட்டு பி.எட். சேர்ந்திருக்கிறேன். எங்கள் வகையறாவில் முதல் பட்டம். அம்மா அந்தக் கறுப்பு அங்கி போட்டோவைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். நான் தோற்றுப்போனவள் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன்.

ஆனால் ஆடி மாதம் வந்தால் எனக்குக் கால் நிலைகொள்வதில்லை. பஸ்ஸில் அரியலூர் ரோட்டில் போகும்போது ஜன்னல் வழியே கையை நீட்டுவேன். உள்ளங்கையை நிமிர்த்தினால் காற்று பிடித்துத் தள்ளும். தட்டையாகப் படுக்க வைத்தால் விட்டுவிடும். அப்படியே வைத்துக்கொண்டிருப்பேன். கண்டக்டர் கையை உள்ளே எடுக்கச் சொல்லித் திட்டுவார்.

அவள் மாதம் ஒரு கடிதம் போடுவாள். போன் வந்த பிறகும் கடிதத்தை நிறுத்தவில்லை. எழுத்தில் பேசினால்தான் என் வீம்பு கொஞ்சம் இறங்குகிறது என்பாள். போன மாதம் வந்த கடிதத்தின் கடைசியில் இப்படி எழுதியிருந்தாள்: “நாலு வருஷமாக் கேக்கணும்னு இருந்தேன். அன்னிக்கு நீ தெரிஞ்சுதானே அதை எனக்கு விட்ட? ஏரிக்கரையில கல்லு வச்சவ நீ. உனக்குத் தெரியாம இருக்காது. நான் இங்க வந்து ஓட்டுற ஒவ்வொரு ரேசும் நீ கொடுத்ததுன்னுதான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்.”

அவள் அன்று அதே ஸ்டோர் ரூமில்தான் நின்றாள். கைநாட்டையும் பார்த்தாள், தராசையும் பார்த்தாள். ஆனால் அவள் கண் முழுக்கக் கறுப்புச் சைக்கிளின் மேல் இருந்திருக்கிறது. மற்றது எதுவும் மனதில் நிற்கவில்லை.

முதலில் ‘ஆமாம், உனக்காகத்தான்’ என்று எழுதினேன். படித்துப் பார்க்க நன்றாக இருந்தது. ஒரு நாள் முழுக்க அதைப் புத்தகத்துக்குள் வைத்திருந்து நாலைந்து முறை எடுத்துப் படித்தேன். அப்படி ஒரு பெண் இருந்தால் எனக்கும் அவளைப் பிடிக்கும். பிறகு கிழித்துப்போட்டேன். செய்யாத தானத்துக்கு நன்றி வாங்கிக்கொள்வது, கேட்டு வாங்குவதைவிடக் கேவலமாகப் பட்டது.

இரண்டாவது இன்லேண்டில் உள்ளதை எழுதினேன். எனக்குத் தெரியும், ஆனால் உனக்காக விடவில்லை, எங்கப்பா அன்று ஒரு நிமிடம் நிமிர்ந்து நின்றார், அந்த முகம் மறுபடி கவிழ்வதைப் பார்க்க என்னால் முடியவில்லை, உன் ரேசெல்லாம் நீ ஓட்டியது, எனக்கு அதில் பங்கில்லை. அதற்குப் பிறகு, அந்தச் சைக்கிளை உன் பின்னால் வந்து பார்த்துக்கொண்டே இருந்தேன் என்று ஒரு வரி. அவளுக்கு அது தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

ஒட்டுவதற்கு முன்னால் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. “பொங்கலுக்கு வரும்போது அதை பஸ் மேல போட்டு எடுத்துட்டு வா. ஒரு தடவ ஓட்டணும்” என்று எழுதினேன். எழுதியபிறகு அது உத்தரவு போடுவதுபோல் இருந்தது. ‘ஓட்டணும்’ என்பதை அடித்துவிட்டு, மேலே ‘ஓட்டிப் பாக்கட்டுமா’ என்று எழுதினேன். அடித்தது பளிச்சென்று தெரிந்தது. வேறு இன்லேண்டு வாங்கிச் சுத்தமாக எழுதியிருக்கலாம். அப்படியே ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.